போக்கர் டோர்னமென்ட்: மேஜையை நாம் தேர்ந்தெடுக்க முடியுமா?

கேள்வி: இணையத்தில் சில காலமாக போக்கர் ஆடி வருகிறேன். ஒவ்வொரு பந்தயமும் நேரடியாகப் பணத்துக்கே நடக்கும் கேஷ் ஆட்டங்களில், ஆட்டத் திறமை குறைந்தவர்கள் இருக்கும் மேஜையாகப் பார்த்து உட்காருவது என் வழக்கம். இப்போது டோர்னமென்ட்களில் சேரத் தொடங்கியிருக்கிறேன். அங்கும் எனக்கேற்ற மேஜையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டா?

பதில்: நேரடியான பொருளில் கேட்டால், இல்லை. கேஷ் ஆட்டத்தில் மேஜை பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். பல மேஜைகளில் நடக்கும் டோர்னமென்ட்டில் உங்கள் இருக்கையை மென்பொருளே குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. ஆட்டக்காரர்கள் வெளியேற வெளியேற, மேஜைகளில் ஆள் எண்ணிக்கை சமமாக இருப்பதற்காக அதுவே உங்களை வேறு மேஜைக்கு மாற்றவும் செய்யும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியது மேஜையை அல்ல, எந்த டோர்னமென்ட்டில் சேர்வது என்பதைத்தான். அந்த முடிவைப் பணம் கட்டுவதற்கு முன்பே, லாபியில் (ஆட்டங்களின் பட்டியல் பக்கத்தில்) காட்டப்படும் விவரங்களைப் பொறுமையாகப் படித்து எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பரிசுத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

முதலில் பார்க்க வேண்டியது, தொடக்கத்தில் எத்தனை சிப் (பந்தயம் கட்டும் வில்லைகள்) தருகிறார்கள், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய சிறிய, பெரிய பந்தயத் தொகைகள்) எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை உயர்கிறது என்ற இரண்டையும் சேர்த்துத்தான். ஒரு டர்போ (பிளைண்ட் வேகமாக உயரும்) ஆட்டத்தில் 1,500 சிப்புடன் தொடங்குகிறீர்கள். பிளைண்ட் 10/20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது பெரிய பிளைண்டைப் போல் 75 மடங்கு; வசதியான நிலைதான். ஆனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் 15/30, 25/50, 50/100, 75/150 என்று ஏறி, 25 நிமிடம் முடியும்போது 100/200 ஆகிவிடும். இடையில் நீங்கள் எதையும் இழக்காமல் இருந்தாலும், அந்த 1,500 சிப் அப்போது ஏழரைப் பெரிய பிளைண்டுக்குத்தான் சமம். ஒன்பது பேர் மேஜையில் அதற்குள் ஏறத்தாழ 25 முதல் 30 முறைதான் சீட்டுப் போடப்பட்டிருக்கும். நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கும் பழக்கமுள்ளவருக்கு இது போதவே போதாது. அதன் பிறகு ஆல்-இன் போடுவதா (கையிலுள்ள சிப் முழுவதையும் வைப்பதா), சீட்டை மடக்குவதா என்ற ஒரே முடிவுதான் மிஞ்சும். கேஷ் மேஜையில் பொறுமையாக ஆடிப் பழகிய உங்களுக்கு, 10 நிமிடமோ அதற்கு மேலோ நீளும் பிளைண்ட் நிலைகள் கொண்ட ஆட்டமே பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கான நேரம் உங்களிடம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள், ஏனெனில் ஆட்டம் பல மணி நேரம் நீளக்கூடும்.

மேஜையில் ஆறு பேரா, ஒன்பது பேரா என்பதும் முக்கியம். 50/100 நிலையில், பிளைண்ட் வைக்கும் முறை மேஜையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் உங்களிடமிருந்து 150 சிப் போகும். ஒன்பது பேர் இருந்தால் ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் சராசரியாக 17 சிப். ஆறு பேர் என்றால் 25. ஆறு பேர் மேஜையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. சுமாரான சீட்டிலும் துணிந்து இறங்க வேண்டிவரும்.

அடுத்தது கமிஷன். நுழைவு "10 + 1" என்றால் நீங்கள் கட்டும் 11-இல் ஏறத்தாழ 9 விழுக்காடு பரிசுக்கே போவதில்லை. ஒன்பது பேர் சேர்ந்ததும் தொடங்கிவிடும் சிட் அண்ட் கோ ஆட்டத்தில் பரிசுத் தொகை 90; அது முதல் மூவருக்கு 50, 30, 20 விழுக்காடாகப் பிரிவது பரவலான வழக்கம். அங்கே மூன்றாவதாக வந்தாலும் போட்ட பணம் மீண்டு கொஞ்சம் மிஞ்சும். ஆயிரக்கணக்கானவர்கள் சேரும் ஆட்டத்திலோ நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு கிடைக்கும். அதிலும் பெரும்பங்கு கடைசி மேஜைக்கே போகும். நன்றாக ஆடுபவர்கூட அங்கே நீண்ட காலம் வெறுங்கையோடு திரும்பலாம். நுழைவுத் தொகையைப் போல் குறைந்தது 100 மடங்கு தனியாக ஒதுக்க முடிந்தால் மட்டுமே அந்த அளவில் ஆட வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்களின் கணக்கு. அந்தத் தொகை வீட்டுச் செலவுக்கோ கடனுக்கோ உரியதாக இருக்கவே கூடாது. உங்கள் பகுதியில் பணம் வைத்து ஆடச் சட்டம் இடம் தருகிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டு இறங்குங்கள்.

மேஜையில் அமர்ந்த பிறகு, முதல் சில சுற்றுகளை உங்கள் இரு பக்கத்தையும் கவனிக்கச் செலவிடுங்கள். அடிக்கடி ரேஸ் செய்பவர் (பந்தயத்தை உயர்த்துபவர்) உங்களுக்கு வலப்புறம் இருந்தால் நல்லது. அவர் என்ன செய்கிறார் என்று பார்த்த பிறகே நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அவர் இடப்புறம் இருந்தால் இருக்கையை மாற்ற முடியாது, ஆகவே ஆட்டத்தை மாற்றுங்கள்: பிளைண்டைப் பறிப்பதற்காக மட்டும் சுமாரான சீட்டில் ரேஸ் செய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குறைந்த பணத்தில் பெரிய போட்டிக்கு டிக்கெட் தரும் சாட்டிலைட் ஆட்டங்கள் நல்ல வழியா?

பதில்: வழி உண்டு என்பதற்குப் புகழ்பெற்ற சான்று கிறிஸ் மணிமேக்கர். இணைய சாட்டிலைட் வழியாக 2003-ஆம் ஆண்டு உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குச் சென்ற அவர், 839 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். ஆனால் சாட்டிலைட்டின் கணக்கே வேறு. பத்து டிக்கெட் இருந்தால் முதலாவதாக வந்தவருக்கும் பத்தாவதாக வந்தவருக்கும் கிடைப்பது ஒன்றுதான். பதினோரு பேர் மிஞ்சி, இன்னும் ஒருவர் வெளியேறினாலே மற்றவர்களுக்கு டிக்கெட் உறுதி என்ற நேரத்தில், உங்களிடம் நிறைய சிப் இருந்து, உங்களைவிட அதிகம் வைத்திருப்பவர் ஆல்-இன் போட்டால், இரண்டு ஏஸ் வந்திருந்தாலும் மடக்கிவிடுவதே சரியாக இருக்கக்கூடும். அதை மனதார ஏற்று மடக்கக் கூடியவர் மட்டும் சாட்டிலைட்டில் சேரலாம்.

கேள்வி: ஆட்டம் தொடங்கிய பிறகு, தாமதமாகச் சேர்வதில் லாபம் உண்டா?

பதில்: தாமதமாக வருபவருக்கும் அதே தொடக்க சிப்தான் கிடைக்கும், பிளைண்ட் மட்டும் ஏறியிருக்கும். 5,000 சிப் தரும் ஆட்டத்தில் பிளைண்ட் 200/400 ஆனபோது நுழைந்தால் உங்களிடம் இருப்பது பன்னிரண்டரைப் பெரிய பிளைண்ட். மேலும், தொடக்கத்தில் அவசரப்பட்டுச் சிப்பை வாரி இறைப்பவர்கள் அதற்குள் வெளியேறியிருப்பார்கள். அவர்களிடமிருந்து நீங்கள் பெற்றிருக்கக்கூடியது வேறொருவரிடம் சேர்ந்திருக்கும். குறைந்த சிப்பில் ஆல்-இன் கணக்கை நன்கு அறிந்தவர்களுக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும். மற்றவர்கள் தொடக்கத்திலேயே சேர்வது நல்லது.