நர்சிங்கின் தத்துவ அடித்தளம் முழுக்க மேற்கத்தியதா? இஸ்லாமியச் சிந்தனைக்கு அதில் இடம் உண்டா?

முழுக்க மேற்கத்தியது என்பது பாதிதான் சரி. மனிதர், சூழல், ஆரோக்கியம், செவிலியம் என்று நாம் மனப்பாடம் செய்த நான்கு தூண்களும் அமெரிக்காவில் ஜாக்குலின் ஃபாசெட் 1980களில் வகுத்துத் தந்தவை. அதற்காக மேற்கு என்றாலே மதம் கலக்காதது என்று எண்ண வேண்டாம். நவீன செவிலியத்துக்கு வழிகாட்டிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலே 1837இல் கடவுள் தன்னைச் சேவைக்கு அழைத்ததாக எழுதி வைத்தவர்தான்.

இஸ்லாம் என்றதும் பலரும், நபிகள் காலத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்த ருஃபைதா என்ற பெண்மணியைச் சொல்வார்கள். 627இல் அகழ்ப்போரில் கையில் அம்பு பட்ட தோழர் சஅத் இப்னு முஆதை ருஃபைதாவின் கூடாரத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் நபிகள் நாயகம் (ஸல்). பெருமையான வரலாறு. ஆனால் "எங்களுக்கும் ஒரு நைட்டிங்கேல் இருந்தார்" என்பதோடு நின்றுவிட்டால் அதில் தத்துவம் எங்கே இருக்கிறது?

அது நோயாளிக்கான இஸ்லாமியச் சட்டங்களில் இருக்கிறது. நான் முஸ்லிம் இல்லை. சவூதியில் சர்ஜிக்கல் வார்டில் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டேன். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்ட பெரியவர்களுக்கெல்லாம் ஒரே கவலை: சிறுநீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கிறதே, தொழுகை கூடுமா? கூடும், வேளைக்கு ஒரு முறை ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தால் போதும். அதனால் பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு) முன்பே சிறுநீர்ப் பையைக் காலி செய்து, கட்டிலைக் கிப்லா பக்கம், அதாவது மக்காவை நோக்கி, திருப்பி வைப்போம். தண்ணீரே படக்கூடாதவருக்குத் தயம்மும், அதாவது தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வது. அடுத்த ஷிஃப்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் மருந்து நேரத்தோடு இதையும் சொல்லித்தான் டியூட்டி மாற்றுவோம்.

மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுசைனிடம், "நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து" என்றார்கள் நபிகள். இது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. அபூதாவூத் என்ற இன்னொரு தொகுப்பில் உள்ளது இன்னும் கடுமை. தலையில் காயம்பட்ட ஒருவருக்கு, மார்க்கப்படி கட்டாயம் குளித்தாக வேண்டிய நிலை வந்தது. தயம்மும் செய்யச் சலுகை இல்லை என்று தோழர்கள் சொல்லிவிட, அவர் குளித்தார், இறந்துபோனார். கேள்விப்பட்ட நபிகள் சொன்னது: "அவரைக் கொன்றுவிட்டார்கள்."

ஆக, வணக்கமே உடம்புக்கு வளைந்து கொடுக்கிறது. காரணம், உடம்பு இறைவன் நம்மிடம் நம்பி ஒப்படைத்த பொருள், அமானிதம். அதைக் கெடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. 'மனிதர்' என்ற தூண் இங்கேதான் மாறுகிறது. சுகர் எகிறியும் நோன்பை விடமாட்டேன் என்பவரிடம் "உங்கள் விருப்பம்" என்று கையெழுத்து வாங்கிவிட்டு ஒதுங்குவது ஒரு வழி. "உங்கள் மார்க்கமே சலுகை தந்திருக்கிறதே" என்று அவரோடு உட்கார்ந்து பேசுவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் நல்ல நர்சிங்.

இதிலும் ஆபத்து உண்டு. அமானிதம் என்ற பெயரில் நோயாளியின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை அவரிடமே மறைக்கும் மகன்கள் நம்மூரில் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அதை இஸ்லாத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

பாடத்தில் சேர்ப்பதானால் வரலாற்று அத்தியாயத்தில் ஒரு பத்தியாக வேண்டாம். முதலாண்டில் பெட் பாத்தும் (படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது) பொசிஷனிங்கும் (நோயாளியைச் சரியாகப் படுக்கவைப்பது) சொல்லித்தரும் இடத்தில் சேர்க்கட்டும்.