20 செல்லா, 40 செல்லா? பிரெயில் டிஸ்பிளே வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தமிழ் வழியில் பதினோராம் வகுப்பு சேர்ந்திருக்கிறான். வீட்டில் லேப்டாப்பில் என்விடிஏ (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்) போட்டுக் கேட்டுத்தான் படிக்கிறான். கேட்டே படிப்பதால் எழுத்துப்பிழை கூடிவிட்டது, திரையில் உள்ளதை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பும் பிரெயில் டிஸ்பிளே வாங்கிக் கொடுங்கள் என்று அவன் ஆசிரியர் சொல்கிறார். ஐம்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். அதற்குள் 20 செல் கருவி (செல் என்பது புள்ளிகள் எழும் ஒரு கட்டம்) புதிதாகவே கிடைக்கும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தான் பயன்படுத்திய 40 செல் கருவியை அதே விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: புதிய 20 செல் கருவியையே வாங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன், அதிலுள்ள சிரமத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், ஆசிரியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ந, ன இரண்டையும் ஸ்கிரீன் ரீடர் ஒரே ஒலியாகத்தான் சொல்லும். ண கூட வேகமாக ஓடும்போது காதில் பிடிபடாது. விரலுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. பிரெயிலில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. ன என்பது 5, 6 என்று இரண்டே புள்ளி. ந என்பது 1, 3, 4, 5. ண என்பது 3, 4, 5, 6. மூன்றும் மூன்று வடிவம். கேட்டு மட்டும் படித்த பிள்ளைகள் நல்ல அறிவோடு இருந்தும் எழுத்தில் தடுமாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே இந்தக் கருவி அவன் கைக்கு வருவது நல்லது.

இவை ஏன் இவ்வளவு விலை என்று தோன்றும். பெரும்பாலான டிஸ்பிளேக்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு பீசோ பட்டை (மின்சாரம் கொடுத்தால் வளையும் பொருளாலானது) இருக்கிறது. ஏறத்தாழ 200 வோல்ட் கொடுத்தால் அது வளைந்து புள்ளியை மேலே தள்ளும். ஒரு செல்லுக்கு எட்டுப் புள்ளி; 40 செல்லுக்கு 320 பட்டை. விலையில் பெரும்பங்கு இந்தச் செல்களுக்கே போகிறது. அதனால்தான் நல்ல நிறுவனத்தின் 40 செல் கருவி புதிதாக வாங்கினால் லட்சங்களில் நிற்கிறது.

பீசோவை விட்டு வேறு வழியில் புள்ளியை எழுப்பியதால் விலை இறங்கிய கருவிகளும் உண்டு. நம் ஊரில் பேர் தெரிந்தவை இரண்டு: ஆர்பிட் ரீடர் 20, மும்பையின் இன்னோவிஷன் நிறுவனம் செய்யும் பிரெயில் மீ. ஆர்பிட்டில் வரி மாறும்போது கரகரவென்று சத்தம் கேட்கும், கணநேரம் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் எழுந்த புள்ளி கல் மாதிரி நிற்கும், அழுத்தினாலும் அமுங்காது. காகிதப் பிரெயிலில் பழகிய விரலுக்கு அது பிடித்துப்போகும். பிரெயில் மீயில் செல்லுக்கு ஆறு புள்ளிதான். தமிழ்ப் பிரெயிலே ஆறு புள்ளிதான் என்பதால் படிக்க அது போதும். ஏழாவது, எட்டாவது புள்ளிகள் பெரும்பாலும் கர்சர் நிற்கும் இடத்தைக் காட்டவும் கணினிப் பிரெயிலுக்கும் பயன்படுகின்றன. மகன் நாளை கோடிங் பக்கம் போவதாக இருந்தால் எட்டுப் புள்ளி உதவும்.

இனி சிரமம். தமிழுக்கு 20 செல் உண்மையிலேயே குறுகல். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் மெய்க்கு ஒரு செல், அதன்மேல் ஏறும் உயிருக்கு இன்னொரு செல். க், ள் போலப் புள்ளி வைத்த எழுத்தென்றால், அந்தப் புள்ளிக்கென்று எழுத்துக்கு முன்னால் தனியாக ஒரு செல். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்று எழுதி எண்ணிப் பாருங்கள், 22 செல் வரும். ‘கற்றுக்கொண்டிருக்கிறார்கள்’ 26. ஒரு சொல்லே வரிக்குள் அடங்காது. ஆங்கிலத்தில் சுருக்கப் பிரெயில் (பல எழுத்துகளை ஒன்றிரண்டு செல்லில் அடக்கும் முறை) படிப்பவர்கள் 20 செல் தாராளம் என்று சொல்வதை அப்படியே நம் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆகவே அடுத்த பகுதிக்கு நகர்த்தும் பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். ஒரு பக்கம் படிக்க நூறு முறைக்கு மேல் அதைத் தட்ட வேண்டியிருக்கும். விரல் வரியைவிட்டு எழாமலேயே கட்டைவிரலுக்கோ ஓரத்து விரலுக்கோ அது எட்ட வேண்டும். என்விடிஏ அமைப்புகளில் பிரெயில் பகுதிக்குள், முடிந்தவரை சொல்லை உடைக்காதே என்ற தேர்வு ஒன்று இருக்கிறது. 20 செல்லில் தமிழ் படிக்கும்போது அதை எடுத்துவிடச் சொல்வேன். இல்லாவிட்டால் நீளச் சொல் அடுத்த வரிக்குப் போய், இந்த வரியில் பாதி செல் சும்மா கிடக்கும். அதே இடத்தில், எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று தீர்மானிக்கும் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்றவும் மறக்க வேண்டாம். ஆங்கில அட்டவணையிலேயே விட்டுவிட்டால் தமிழ் எழுத்துகள் புரியாத குறியீடுகளாக வரும். கருவி கெட்டுவிட்டது என்று பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தவர்கள்கூட உண்டு.

அப்படியானால் 40 செல் கிடைக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறேன்? அனுபவம்தான். நான் முதலில் வாங்கியதும் ஒருவர் பயன்படுத்திய கருவி. பத்து நாள் அருமையாக இருந்தது. அப்புறம் ஏழாவது செல்லில் மூன்றாம் புள்ளி எழவில்லை. ம என்பது 1, 3, 4. மூன்று போனால் மிச்சம் 1, 4, அது ச. அந்தச் செல்லில் வந்து விழும் ‘மதி’யெல்லாம் ‘சதி’ ஆகிவிட்டது. வேறொரு செல்லில் ஆறாம் புள்ளி போனபோது ‘கடை’ ‘கதை’யானது. எழுத்துப்பிழையைச் சரிசெய்ய வாங்கும் கருவியே பிழையைக் கற்றுக்கொடுத்தால் எப்படி? உதிரி செல் இங்கே கிடைக்காமல் கருவியை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வர ஐந்து மாதம் ஆனது, செலவும் வாங்கிய விலையில் கால்வாசிக்கு வந்தது. உங்கள் மகன் ஐந்து மாதம் கருவி இல்லாமல் இருந்தால் ஒரு கல்வியாண்டில் பாதி போய்விடும்.

தெரிந்தவர் கருவியை இன்னும் விட மனமில்லை என்றால், ஒரு சோதனை செய்து பாருங்கள். நோட்பேடில் 40 சமக்குறி (=) தொடர்ச்சியாகப் போட்டு ஒரு வரி, அடுத்து வெற்று வரி, மறுபடி சமக்குறி வரி என்று எழுதி, கோப்புப் பெயரின் கடைசியில் .பிஆர்எஃப் (பிரெயில் கோப்பின் அடையாளம்) என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்துச் சேமியுங்கள். பிரெயில் கோப்பில் சமக்குறி என்றால் ஆறு புள்ளியும் எழும். கருவி நேரடியாகக் கோப்பைத் திறக்கக்கூடியதாக இருந்தால் அதில் ஏற்றி, மகனை இடமிருந்து வலம் மெதுவாகத் தடவச் சொல்லுங்கள். சமக்குறி வரியில் எழாத புள்ளி தெரியும், வெற்று வரியில் இறங்காமல் சிக்கிய புள்ளி தெரியும். அரை மணி நேரம் ஓடி, கருவி சூடானபிறகு இன்னொரு முறையும் பாருங்கள். பேட்டரியை மாற்ற முடியுமா, ஒரு செல் மாற்ற இந்தியாவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உறுதியான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

புதிய கருவியிலும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி, புளூடூத் இரண்டும் இருக்க வேண்டும். மெமரி கார்டு போட்டுத் தனியாகப் படிக்க முடிந்தால் லேப்டாப் இல்லாத நேரத்திலும், கரண்ட் போன நேரத்திலும் புத்தகம் கையில் இருக்கும். புக்‌ஷேர் என்ற இணைய நூலகத்தில் பிரெயில் கோப்பாகவே புத்தகம் இறக்கலாம். 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இந்திய இணைய நூலகத்திலும் அவனைச் சேர்த்துவிடுங்கள். ஆர்பிட் ரீடர் 20-ல் கர்சர் ரூட்டிங் பட்டன்கள் கிடையாது. அதாவது ஒரு எழுத்தின் மேலே இருக்கும் பட்டனைத் தட்டி நேரே அங்கே போய்த் திருத்த முடியாது, நகர்ந்து நகர்ந்துதான் போக வேண்டும். படிக்க இது தடையில்லை. கட்டுரை திருத்தும்போது கொஞ்சம் சலிப்பு தட்டும். கணக்குக்கு இந்த ஒற்றை வரி போதாது. தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் சட்டத்தையும் அபாகஸையும் பரணில் போட்டுவிடாதீர்கள்.

பணம் கட்டுமுன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி அட்டையோடு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) போய், உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலோ பள்ளிக் கல்வி வழியாகவோ உதவி கிடைக்குமா என்று எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் பயன் இருக்காது. சென்னை பூந்தமல்லியில் தேசியப் பார்வை மாற்றுத்திறனாளர் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. போன் செய்து, எந்தக் கருவியைத் தொட்டுப் பார்க்க முடியும் என்று கேட்டுக்கொண்டு மகனையும் கூட்டிப் போங்கள். அவனுடைய தமிழ்ப் பாடத்தில் இரண்டு பக்கத்தைக் கோப்பாக எடுத்துப் போய், ஒரு மணி நேரம் அவனே உட்கார்ந்து படிக்கட்டும். படித்து முடித்ததும் பட்டன் எட்டியதா, சத்தம் தொந்தரவாக இருந்ததா, விரல் நுனி வலித்ததா என்று அவனிடமே கேளுங்கள்.