மறு: நண்பர்களைச் சந்திக்கும் காட்சியில் சிக்கல்

அசுரர்கள் ஆளும் வேலூரில், தன்னை விட்டு விலகிப்போன நண்பர்களை ரத்தக்காட்டேரி நாயகன் மீண்டும் சந்திக்கும் காட்சி, எத்தனை முறை எழுதினாலும் வெறும் வாக்குவாதமாகவே முடிகிறது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். வசனத்தை விட்டுவிட்டு இடத்தை மாற்றிப் பாருங்கள்.

கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981ஆம் ஆண்டில்தான் மீண்டும் அங்கே நிறுவப்பட்டது. அசுரர் ஆட்சியில் அந்தக் கருவறை மறுபடியும் வெறுமையாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், முன்பு ராஜகோபுர வாசலைக்கூட மிதிக்க முடியாத உங்கள் நாயகன் இப்போது தடையின்றிக் கல்யாண மண்டபம் வரை நடந்து வருவான். அவனால் உள்ளே வர முடிந்தது என்பதே அங்கே பதுங்கியிருக்கும் நண்பர்களை நடுங்க வைக்கும். யாளித் தூணுக்குப் பின்னால் நிற்பவள் மடியிலிருந்த விபூதியை அள்ளி அவன்மீது வீச, அது அடுப்புச் சாம்பலைப் போல அவன் சட்டையில் படியட்டும். அதற்குப் பிறகே அவன் மன்னிப்பு கேட்க வேண்டும். அதற்கு முன் கேட்டால், இப்போதுள்ள வாக்குவாதமே திரும்ப வந்துவிடும்.

இன்னொன்று: எங்கள் ஊர் வெயிலில் பகல் முழுவதும் அவன் எங்கே ஒளிந்திருந்தான் என்பதை ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள், வேலூர்க்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.