பதினெட்டாம் அத்தியாயத்தில் நிற்கும் ஆச்சிக்காக

வணக்கம். உங்கள் நாவலில் ஆச்சி இறக்க வேண்டிய அத்தியாயத்தை இரண்டு மாதமாக எழுத முடியவில்லை, உட்கார்ந்தாலே அழுகை வருகிறது, இது பைத்தியக்காரத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இல்லை.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1841 ஜனவரியில் ‘தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்’ நாவலில் நெல் என்ற சிறுமியின் மரணத்தை எழுதும்போது இதே தவிப்பில்தான் இருந்தார். எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டார். நண்பர் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் அதற்கான காரணமும் இருக்கிறது. 1837இல், 17 வயதில், அவர் கண்முன்னே இறந்துபோன மைத்துனி மேரியின் துக்கம் அந்தக் காட்சியை நினைத்ததுமே திரும்பி வந்துவிட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேருக்கோ, ‘மேடம் பொவாரி’ நாவலின் நாயகி எம்மா விஷம் சாப்பிடும் இடத்தை எழுதியபோது வாயில் ஆர்செனிக் சுவையே வந்ததாம், வாந்தியும் எடுத்திருக்கிறார்.

அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆச்சி உங்களுக்கு யாரை நினைவுபடுத்துகிறார்? அப்படி ஒருவர் இருந்தால், அவரைப் பற்றி நாலு பக்கம் தனியாக எழுதிவிடுங்கள். நாவலுக்காக அல்ல, உங்களுக்காக. என் அப்பாவின் சாயலில் ஒரு பாத்திரம் எழுதியபோது அதுதான் எனக்கு வழிவிட்டது.

அப்புறம், சாகும் காட்சியை இப்போதே எழுத வேண்டாம். மறுநாள் காலை, ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியைப் பேத்தி எடுத்து வைக்கும் இடத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். விட்டுப்போனதைப் பிறகு நிரப்பலாம்.