வாசகர் கேள்வி – பதில்: ஒரு புத்தகம், நாற்பது பிள்ளைகள்

கேள்வி: பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 40 பிள்ளைகள். வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று கலந்து பேசுகிறவர்கள், பள்ளியிலோ ஆங்கில வழி. படக்கதைப் புத்தகம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. வாசித்துக் காட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படம் தெரிவதில்லை. முடித்துவிட்டுக் கேள்வி கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. என்னதான் செய்வது?
— ஓர் ஆசிரியை, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் அந்தக் கேள்விகளை நிறுத்துங்கள் டீச்சர். யார் யார் வந்தார்கள், என்ன கலர் சட்டை போட்டிருந்தார்கள், கதையின் நீதி என்ன என்று வரிசையாகக் கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சை, தப்பாகச் சொன்னால் பக்கத்துப் பையன் சிரிப்பான், அதனால்தான் பேசாமல் இருக்கிறது. படப்புத்தகத்தில் பாதிக் கதை எழுத்திலேயே இருக்காது, படத்தில்தான் இருக்கும். அதைப் பார்க்க நேரம் கொடுக்காமல் நாம் மளமளவென்று படித்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டால், அப்புறம் எதைப் பற்றிப் பேசச் சொல்கிறோம்?

40 பேருக்கும் ஒரே நேரத்தில் காட்ட முயற்சி செய்யாதீர்கள். 20 பேரைத் தரையில் அரைவட்டமாக உட்கார வையுங்கள், மற்ற 20 பேர் களிமண்ணோ வரைதலோ செய்யட்டும், அரை மணி கழித்து மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தை மடியில் வைக்காமல் தோள் உயரத்தில் பக்கவாட்டில், படம் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் எழுத்து நமக்குச் சரியாகத் தெரியாது, அதனால் முந்தின நாளே வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும்.

முதல் நாள் கதையே வேண்டாம். எழுத்து இருக்கும் இடத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, “என்னென்ன தெரியுது?” என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பதுதான் நமக்கு வராத விஷயம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீளமானது, பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். வகுப்பில் நிற்கும்போது அது ரொம்ப நேரமாகத் தோன்றும், பரவாயில்லை.

என் வகுப்பில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஒரு வார்த்தை பேசாத பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் கோழிக்கூடை படம். எல்லாரும் கோழி, முட்டை, பாட்டி என்று கத்திக்கொண்டிருக்க, அவன் எழுந்து வந்து பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்தான். கதவுக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிந்தது, நானே அதுவரை பார்த்ததில்லை. “பில்லி” என்றான். அவன் வீட்டில் தெலுங்கு. உடனே ஓர் உருதுப் பிள்ளை, இல்லை, அது பில்லி என்று சண்டைக்கு வந்தது. தெலுங்கில் முதல் எழுத்து ‘பல்’லில் வரும் ப, உருதில் ‘பஸ்’ஸில் வரும் ப. கன்னடக்காரர்கள் பெக்கு என்றார்கள், நம் பிள்ளைகள் பூனை என்றார்கள். என் குறிப்பேட்டில் எழுதும்போதுதான் கவனித்தேன், தமிழ் எழுத்தில் பில்லி இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அதன்பின் பூனைக்கு ‘கேட்’ (cat) என்ற ஆங்கிலச் சொல்லை நான் தனியாக நடத்த வேண்டியே வரவில்லை. எந்த மொழியில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள் டீச்சர், “இங்கிலீஷில் சொல்லு” என்று ஒரு தடவை சொன்னால் போதும், அந்த வாய் மறுபடி திறக்காது.

இரண்டாம் நாள் சொற்களுக்குக் கீழே விரலை ஓட்டியபடி வாசியுங்கள், திரும்பத் திரும்ப வரும் வரியைப் பிள்ளைகள் சேர்ந்து சொல்லட்டும். மூன்றாம் நாள் நடித்துப் பார்க்கலாம், ஒரு துண்டும் ஒரு கூடையும் இருந்தால் போதும். அப்புறம் அவர்களே புத்தகம் செய்யட்டும். நான்கு ஏ4 தாளைச் சேர்த்து நடுவில் மடித்து ஊசி நூலால் தைத்தால் 16 பக்கம் கிடைக்கும். பிள்ளை வரையும், பிள்ளை சொல்லும், நீங்கள் அதன் கீழே எழுதுங்கள், அது சொன்ன வார்த்தையையே, அழகுபடுத்தாமல். தான் சொன்னது எழுத்தாகி நிற்பதைப் பார்க்கிற பிள்ளை அதைத் தானே வாசிக்கப் பார்க்கும், நான் இதைப் பல வருஷம் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்க ஒரே புத்தகமா என்று யோசிக்காதீர்கள், பிள்ளைகள் அதையே மறுபடி மறுபடி கேட்பார்கள்.

பிரதிக்கும் வழி இருக்கிறது. உங்கள் ஊரிலேயே 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம், 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தை ஆரம்பித்தது. பல கதைகள் அதே படங்களோடு தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் என்று இலவசமாகக் கிடைக்கும். பொது உரிமம் என்பதால் பதிவிறக்கி ஜெராக்ஸ் எடுக்கலாம், தப்பில்லை. அதில் கதைகளை வாசிப்பு நிலைப்படி பிரித்திருப்பார்கள், எளிதான நிலை 1இலிருந்து எடுங்கள். தமிழ்ப் புத்தகம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 5 வயது. வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து இஷ்டத்துக்குக் கதை சொல்கிறாள். கெட்ட பழக்கமா?
— ஓர் அம்மா, ஒயிட்ஃபீல்டு

பதில்: இல்லவே இல்லை, ரசித்துக் கேளுங்கள். கதைக்கு முன்பின் உண்டு, பக்கம் திரும்பினால் ஏதோ நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அது வாசிப்பின் ஆரம்பம்தான். ஆனால் படப்புத்தகமே எழுத்தையும் சொல்லிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். தமிழில் 247 எழுத்து, அதைத் தனியாக, தினம் ஒரு கால் மணி நேரம் முறையாகச் சொல்லித்தர வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தையே பாருங்கள், வாயில் முதலில் வருவது க், கண்ணில் முதலில் படுவது கொம்பு. பிள்ளை தடுமாறத்தான் செய்யும். கதைப் புத்தகத்தை மட்டும் எழுத்துப் பயிற்சிக்கு இழுக்காதீர்கள், கதை ஓடும்போது நிறுத்தி “இது என்ன எழுத்து?” என்று கேட்டால் இரண்டும் கெட்டுவிடும்.

கேள்வி: நூலகப் புத்தகங்கள் வந்தும் கிழிந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். எப்படி வெளியே எடுப்பது?
— ஓர் ஆசிரியர், ஸ்ரீராமபுரம்

பதில்: தலைமையாசிரியரின் பயம் கிழிவது பற்றியில்லை, பள்ளிப் பொருள்களுக்குக் கணக்குக் காட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டர் பற்றி. அதனால் மொத்தமாகக் கேட்காமல் பத்துப் புத்தகத்தை உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப்பால் மாட்டுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில். செல்லோடேப்பும் கத்தரிக்கோலும் உள்ள ஒரு டப்பா வைத்து ‘புத்தக ஆஸ்பத்திரி’ என்று எழுதி ஒட்டுங்கள், சனிக்கிழமைதோறும் இரண்டு பிள்ளைகள் டாக்டர். ஒன்றிரண்டு தேறாமல் போகும். அவற்றைப் பயன்படுத்தித் தேய்ந்தது என்று எழுதிக் கழிக்க முடியுமா என்பதை இப்போதே அவரிடம் பேசி வையுங்கள், வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும் வரை தள்ளிப்போட வேண்டாம்.