3200 ரேம் 2400 என்று காட்டுவது பழுதில்லை

பழைய 8 ஜிபி டிடிஆர்4 2400 ரேமோடு புதிதாக ஒரு 8 ஜிபி 3200 வாங்கிப் போட்டேன், இரண்டுமே 2400 என்றுதான் காட்டுகிறது, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. வேகம் வேறான இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால் மதர்போர்டு மெதுவானதற்கு ஏற்றபடிதான் இரண்டையும் ஓட்டும், மாட்டு வண்டியில் இரண்டு மாடும் ஒரே நடைதானே போக முடியும். 8 ஜிபி 16 ஆனதுதான் உங்களுக்கு உண்மையான லாபம், வேக வித்தியாசம் தினசரி வேலையில் பெரிதாகத் தெரியாது.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. நான்கு ஸ்லாட் இருக்கிறது என்கிறீர்களே, ரேம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தால் டூயல் சேனல், அதாவது இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வசதி, கிடைக்காமல் போகலாம். பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்களில்தான் போட வேண்டும், எதற்கும் கையேட்டை ஒருமுறை பாருங்கள். மாற்றிப் போட்டதும் சிபியு-இசட் மென்பொருளில் சேனல் விவரம் தெரியும்.

அப்புறம், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள், ஜோடி சேராத ரேம்களில் அது சில நேரம் சிஸ்டத்தையே எழவிடாது. ஒரு ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஓடட்டும், பிழை ஒன்றுகூட வரவில்லை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.