வழியில் நமுத்துப்போகாத விருந்து ஸ்டார்ட்டர்கள்

கேள்வி: நண்பர் வீட்டு விருந்துக்கு ஸ்டார்ட்டர் நானே செய்துகொண்டு வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். இருபது பேர் வருவார்கள். காரில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும், அங்கே அடுப்பு காலியாக இருக்காது. போன முறை சுடச்சுடப் பொரித்து எடுத்துப்போன கட்லெட், டப்பாவைத் திறந்தபோது நமுத்துக் கிடந்தது. சாப்பாடு தாமதமாகும் என்கிறார்கள், அதனால் கொஞ்சம் வயிற்றுக்குத் தாங்கவும் வேண்டும். சுலபமாக என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருந்திருக்காது. பொரித்த பண்டத்தின் மேல்தோல் மொறுமொறுவென்று இருப்பதற்குக் காரணம், அந்த மெல்லிய அடுக்கிலிருந்த நீரெல்லாம் எண்ணெயில் ஆவியாகிப் போனதுதான். உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கில் ஈரம் அப்படியே இருக்கிறது. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முட்டித் துளித்துளியாகக் கட்லெட் மேலேயே சொட்டும். நன்றாக ஆறவைத்து மூடினாலும் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மெல்லத் தோலுக்கு நகரும். கம்பி வலையில் ஆறவைப்பது, டப்பாவில் காகிதம் விரிப்பது எல்லாம் கொஞ்சம் உதவும், ஆனால் ஒன்றரை மணி நேரத்தைத் தாங்காது. போன இடத்தில் அடுப்போ ஓவனோ கிடைக்காது என்றால் பொரித்த பண்டத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

பயணத்துக்குப் பண்டம் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது நேரம் ஆக ஆக ருசி கூடுகிறதா, குறைகிறதா? ஊற ஊறச் சுவை ஏறுகிற பண்டம் எவ்வளவு தூரமானாலும் வரும். அந்தக் கணக்கில் உங்களுக்கு நான் சொல்வது தடிமனான உருளைக்கிழங்கு ஆம்லெட்டும், தொட்டுக்கொள்ளக் கொண்டைக்கடலை மசியலும். இரண்டையும் முந்தின நாளே முடித்துவிடலாம், இரண்டும் சூடாக இருக்கத் தேவையில்லை, இரண்டும் பசியடக்கும்.

முதலில் ஆம்லெட். அரை கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். ஒரு பெரிய வெங்காயத்தோடு சேர்த்து, தாராளமாக எண்ணெய் விட்டு, மிதமான தீயில் வேகவிடுங்கள். சிவக்க வேண்டாம், கரண்டியால் அழுத்தினால் உடைகிற அளவு குழைந்தால் போதும். இதற்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும், தீயைக் கூட்டி அவசரப்படுத்தாதீர்கள். எண்ணெயை வடித்து, ஆறு முட்டையை உப்பு, மிளகுத்தூளோடு அடித்து, வெந்த கிழங்கை அதில் போட்டுப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். முட்டை வில்லைகளுக்கு நடுவே இறங்கி நன்றாக ஒட்டிப் பிடிப்பதால்தான் பிறகு கத்தி வைத்து வெட்டும்போது உதிராமல் வருகிறது. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள சிறிய நான்ஸ்டிக் தவாவில் ஊற்றி, சிறுதீயில் மூடி வேகவைத்து, ஓரம் இறுகியதும் ஒரு தட்டைக் கவிழ்த்துப் புரட்டி மறுபக்கமும் வேகவிடுங்கள். பெரிய தவா எடுத்தால் மெல்லிய ஆம்லெட்தான் வரும், துண்டுக்குக் கனம் இருக்காது. வீட்டில் உடனே சாப்பிடுவதென்றால் நடுப்பகுதி சற்றுக் குழைவாக இருந்தால் ருசி. எடுத்துப்போவதற்கு நடுவிலும் முழுசாக வெந்து இறுகியே இருக்க வேண்டும்.

ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு இருந்தால் இன்னும் கெட்டிப்படும். மறுநாள் மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஓரத் துண்டுகளோடு சேர்த்து இருபத்தைந்து வரை வரும். இருபது பேருக்கு இரண்டு ஆம்லெட் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு டூத்பிக் குத்திவிட்டால் தட்டும் கரண்டியும் தேடவேண்டியதில்லை.

கொண்டைக்கடலை மசியலுக்கு 250 கிராம் வெள்ளைக் கடலையை இரவே ஊறவையுங்கள். வேகவைக்கும்போது அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் தோல் நன்றாகக் குழையும், மசியலும் வெண்ணெய் போல வரும். கடலை விரலில் நசுக்கினால் மாவாக வேண்டும். அந்தப் பதம் வராமல் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் நறநறக்கும். சூடு இருக்கும்போதே 100 கிராம் எள் விழுது, இரண்டு பூண்டுப் பல், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து அரைத்து, கடைசியில் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இளக்குங்கள். ஆறினால் இன்னும் கெட்டிப்படும், ஆகவே அரைக்கும்போது சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். மேலே ஒரு மெல்லிய படலமாக ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் மேல்பரப்பு காய்ந்துபோகாது. இந்த அளவு இருபது பேர் தொட்டுக்கொள்ளப் போதும்.

தொட்டுக்கொள்ளக் கேரட், குடைமிளகாய், ரொட்டித் துண்டுகள் எடுத்துப்போங்கள். வெள்ளரிக்காய்க்கு முன்கூட்டியே உப்புப் போடாதீர்கள், நீர்விட்டு எல்லாவற்றையும் நனைத்துவிடும். ரொட்டியைத் தனி டப்பாவில் வையுங்கள். மசியலைத் தடவிக் கொண்டுபோவது வேண்டாம், பரிமாறும்போது தொட்டுக்கொள்வதுதான் நல்லது.

அசைவம் கட்டாயம் வேண்டும் என்றால் தக்காளி சாஸில் ஊறிய கைமா உருண்டை. ஏற்கனவே குழம்பில் கிடப்பதால் நமுத்துப்போகத் தோலே கிடையாது. ஒரு கிலோ கைமாவில் 25 கிராம் உருண்டைகளாக நாற்பது பிடிக்கலாம். ஆட்டுக்கறி என்றால் உருண்டையின் நடுவே 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 டிகிரி வர வேண்டும். ஆனால் இதைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துப்போகத்தான் வேண்டும். பத்து நிமிடம் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய அகலவாய் பிளாஸ்க்கில், கொதிக்கும் உருண்டைகளைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். பாதி காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். நல்ல பிளாஸ்க் இல்லையென்றால் இந்தப் பண்டத்தை விட்டுவிடுவதே மேல்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். அந்த வெப்பநிலையில் உணவு மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பலர் இந்தக் கணக்கைப் பண்டம் மேசைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறார்கள். வண்டியில் போகும் நேரமும் அதில் சேரும். உங்கள் ஒன்றரை மணி நேரத்தைச் சும்மா காரில் கழித்தால் பரிமாற அரை மணிதான் மிச்சம். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, பிறகு கொதிக்கவைத்தாலும் போகாது. எனவே சூடாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து ஆறிய பண்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஆம்லெட்டையும் மசியலையும் கிளம்பும்வரை குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருங்கள். ஐஸ் பெட்டி இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில்களை முந்தின நாளே உறையவைத்து, கனமான பையில் டப்பாக்களுக்குக் கீழும் மேலும் பக்கவாட்டிலும் அடுக்குங்கள், பையைச் சுற்றி ஒரு தடித்த துண்டு. அப்படிச் சில்லென்றே போய்ச் சேர்ந்தால் முழு இரண்டு மணி நேரமும் உங்கள் கையில் இருக்கும். ஆம்லெட்டை மட்டும் பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். சில்லென்ற முட்டையில் ருசி தெரியாது.

அளவைப் பொறுத்தவரை, உடனே சாப்பாடு இருந்தால் ஆளுக்கு நான்கைந்து துண்டு போதும் என்பது வழக்கமான கணக்கு. உங்களுடையது தாமதமாகும் விருந்து, ஏழு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்லெட்டில் இரண்டரை, கைமாவில் இரண்டு, மீதியை மசியலும் காய்கறியும் பார்த்துக்கொள்ளும். கைமாவை விட்டால் மூன்றாவது ஆம்லெட் போடுங்கள்.

ஒரு சிறு சீட்டு எழுதி ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டுங்கள்: முட்டை இருக்கிறது, எள் இருக்கிறது, ரொட்டியில் கோதுமை இருக்கிறது என்று. எள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மசியலைப் பார்த்து அதில் எள் இருப்பது தெரியாது. நண்பரிடம் யாருக்கு எது ஆகாது என்று முந்தின நாளே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. கேட்டபின் எள்ளை விட வேண்டியிருந்தால் விழுதுக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் கூட ஊற்றி அரையுங்கள். பக்குவம் சற்று மாறும், ஆனால் தொட்டுச் சாப்பிட நன்றாகவே இருக்கும்.